காக்கைக்கு வைத்த இலை

இஸ்ரவேல் வாத்தியாருக்கு ரோமாபுரியைத் தெரிந்த அளவுக்கு ரோமாபுரியில் பிறந்தவனுக்கே தெரிந்திருக்காது. அகுஸ்து சக்கரவர்த்திக்கு எந்தக் கடைவாய்ப்பல் சொத்தை, ஏரோது ராஜாவுக்கு எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் உறக்கம் வரும், பிலாத்து கை கழுவியது கிணற்றுத் தண்ணீரிலா ஆற்றுத் தண்ணீரிலா என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில். பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் அவருக்குச் சரித்திரமும் வேதபாடமும் கொடுத்திருந்தார்கள். இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுப் பிசைந்துதான் பையன்களுக்கு உருட்டித் தருவார். ரோமப் பட்டாளம் வருகிற பாடத்தன்று மேசையில் அவர் தட்டுகிற தட்டுக்கு, தேவாலயத்து ஊசிக்கோபுரத்தில் அடைந்திருக்கும் புறாக்கள் பதறிக்கொண்டு மேலப்பாளையம் வரைக்கும் பறந்துபோய், பாடம் முடிந்து மணி அடித்த பிறகுதான் திரும்பும். அதில் இரண்டொன்று திரும்பாமல் அங்கேயே குடியேறிவிட்டதாகவும் கேள்வி.

அவருக்கென்று ஒரு சித்தாந்தம் இருந்தது. உலகத்துச் சக்கரவர்த்திகள் அத்தனை பேரும் ஆண்டவருடைய கச்சேரியில் பியூன்கள். பியூன் என்பது அவர்களுக்கே தெரியாது, அதுதான் வேடிக்கை. அகுஸ்து ரோடு போட்டது தன் பட்டாளம் நடப்பதற்கு. கடைசியில் அதில் நடந்தது அப்போஸ்தலர்கள். அவன் ஊர் ஊராகத் தலை எண்ணிக் குடிமதிப்பு எழுதச் சொன்னது வரி கறப்பதற்கு; அந்த உத்தரவுதான் நாசரேத்தூர்த் தச்சன் ஒருவனைப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணோடு அவன் முன்னோரின் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. “வேலை வாங்குகிறவன் ஒருத்தன், வேர்த்து விறுவிறுத்து ஓடுகிறவன் இன்னொருத்தன்” என்று வாத்தியார் முடிப்பார்.

ஆனால் பையன்கள் காத்துக் கிடந்தது தேசியு ராயன் பாடத்துக்குத்தான். அவன் அகுஸ்துவுக்கு இருநூறு வருஷம் பிந்தின ரோமச் சக்கரவர்த்தி. அவன் உத்தரவுப்படி சாம்ராஜ்யத்தில் இருக்கிற ஒவ்வொருத்தரும் கோயில் முன்னால் வந்து தூபம் போட்டு, படைத்ததில் ஒரு வாய் தின்ன வேண்டும். தின்றால் அதிகாரி சீட்டு எழுதிக் கொடுப்பான், தின்னாதவனுக்குச் சிறை, சித்திரவதை, சிங்கம். வாத்தியார் வகுப்பிலேயே இதை நடத்திக் காட்டுவார். வாழையிலைத் துண்டில் கொஞ்சம் பொரிகடலை வைத்து, தானே அதிகாரியாக மீசையை முறுக்கிக்கொண்டு உட்காருவார். பையன்கள் ஒவ்வொருவனாக வந்து, நாக்கில் எச்சில் ஊற ஊற, “மாட்டேன்” என்று சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்திப் போக வேண்டும். கடைசிப் பையன் போகும்போது வாத்தியாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அந்தக் கண்ணீரை மட்டும் பிடித்து வைத்திருந்தால் கோடகன் கால்வாய்ப் பாசனத்தில் ஒரு பூ நெல் விளைந்திருக்கும்.

அந்தக் கண்ணீருக்குக் காரணம் ரோமாபுரியில் இல்லை. சேரன்மகாதேவியில், பிள்ளைமார் தெருவில் இருந்தது.

அந்தத் தெருவில் தாணுமாலையனாகப் பிறந்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி வளர்ந்து, பாளையங்கோட்டைக்குப் படிக்க வந்த இடத்தில் மனசு மாறி ஞானஸ்நானம் பெற்று இஸ்ரவேல் ஆனவர் அவர். செய்தி ஊருக்குப் போன மூன்றாம் நாள், அவருடைய அம்மா ஆவுடைத்தாய் தெருவே பார்க்க ஆற்றுக்குப் போனாள். தர்ப்பையால் மகனைப் போல ஓர் உருவம் செய்து, அதற்குக் கொள்ளி வைக்கச் சொல்லி, தாமிரபரணியில் தலைமுழுகிவிட்டு வீட்டுக்கு வந்தாள். இளையவன் பாபநாசம்தான் அன்றைக்கு மொட்டை போட்டுக்கொண்டவன். அன்றிலிருந்து அந்த வீட்டைப் பொறுத்தவரை தாணுமாலையன் இறந்துபோனவன். ஆவுடைத்தாய் தினமும் மத்தியானம் காக்கைக்குச் சோறு வைக்கும்போது புருஷன் பெயரைச் சொல்லி ஒரு பிடியும் மகன் பெயரைச் சொல்லி ஒரு பிடியும் வைப்பாள். இப்படி ஒன்பது வருஷம். நடுவில் இரண்டு தடவை அவர் ஊருக்குப் போய்ப் பார்த்தார். முதல் தடவை வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. இரண்டாம் தடவை தெருவே சாத்திக்கொண்டது.

அண்ணனும் தம்பியும் மட்டும் எப்போதாவது வண்ணார்பேட்டைப் பக்கம் ஆற்றங்கரையில் யாருக்கும் தெரியாமல் சந்தித்துக்கொள்வார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றாம் வருஷம், தை மாசம், பாபநாசம் அப்படி வந்தவன் புதுப்பெருமை ஒன்றோடு வந்தான். சர்க்கார் குடிமதிப்பு எடுக்கப்போகிறது. பிள்ளைமார் தெருவுக்கு எழுதுகிறவன் அவன்தான். தாலுகா கச்சேரியில் கூப்பிட்டு வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். லண்டன் ராஜா நேரே தன் காதில் வந்து சொன்ன மாதிரி அவன் ஒவ்வொரு விதியாக ஒப்பித்தான். முன்கூட்டியே எல்லா வீட்டிலும் எழுதி வைத்துவிட வேண்டும். மாசிக் கடைசியில் குறித்த நாளன்று விளக்கு வைத்த பிறகு மறுபடி வீடு வீடாகப் போய், அந்த நேரத்தில் இல்லாதவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்து, வந்திருப்பவனைச் சேர்க்க வேண்டும்.

“அன்னைக்கு ராத்திரி எந்த வீட்டுல இருக்கானோ அந்த வீட்டுலதான் எழுதணும்ணே” என்றான் பாபநாசம். “கலெக்டரே விருந்தாளியா வந்து படுத்திருந்தாலும் அந்த வீட்டுக் கணக்குதான். விட்டுட்டா எனக்குத் தண்டனை.”

“யாரா இருந்தாலுமாலே?”

“யாரா இருந்தாலும். ஏன் கேக்கிய?”

வாத்தியாருடைய மண்டைக்குள் அந்த நிமிஷத்தில் ரோமாபுரிப் பட்டாளம் மொத்தமும் கொட்டு முழக்கத்தோடு நடக்க ஆரம்பித்துவிட்டது. ஒரு சக்கரவர்த்தி உத்தரவு போடுகிறான். ஒருத்தன் தன் சொந்த ஊருக்குப் போகிறான். அன்றைக்கு அகுஸ்து, இன்றைக்கு ஜார்ஜ். தெருவும் சாதியும் சாத்தி வைத்திருக்கிற கதவை ராஜாங்கக் கட்டளை வந்து திறக்கப்போகிறது. அன்றைக்கு அவர் அந்த வீட்டுக்குள் இருந்துவிட்டால் போதும். அம்மா தன் வாயால், ஆமாம், இவன் என் மகன், இருக்கிறான், எழுது என்று சொல்லியாக வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். வீடு வேண்டாம், வயல் வேண்டாம். ‘இருக்கான்’ என்று ஒரு சொல்.

“அம்மாகிட்டச் சொல்லு. அன்னைக்கு நான் வாரேன்னு.”

“சொல்லுதேன். அவ காதுல விழுந்த மாதிரி காட்டிக்கிட மாட்டா” என்றான் தம்பி.

வீட்டில் ஹெப்சிபாவிடம் சொன்னபோது அவள் உடனே சிரித்துவிட்டாள். அவருடைய மனைவி அவள். மூன்று தலைமுறையாக மிஷன் வளவில் பிறந்து வளர்ந்த குடும்பம். சக்கரவர்த்திக் கதையெல்லாம் கேட்டுக் கேட்டு அவள் காதில் ரோமாபுரியே முளைத்திருந்தது. சர்க்கார் கட்டளைக்குத் தாசில்தார் வேண்டுமானால் பயப்படுவார், உங்கள் அம்மா எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். புறப்படுகிற அன்று கோட்டில் ஒட்டியிருந்த சாக்கட்டித் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டே பைய ஒன்று சொன்னாள்:

“அவங்க என்ன குடுத்தாலும் வாங்கிக்கிடுங்க. ஏச்சா இருந்தாலும் சரி.”

அவர் தலையை ஆட்டினார். இந்த வீட்டுக் கணக்கில் தன் பெயரை அடித்துவிடச் சொல்லும்படி அவளிடம் ஞாபகப்படுத்திவிட்டு ரயிலுக்குப் போனார். ஒரே ஆளை இரண்டு வீட்டில் எழுதினால் சாம்ராஜ்யத்தின் கணக்கு என்னத்துக்காகும்?

சேரன்மகாதேவி ஸ்டேஷனில் இறங்கித் தெருவுக்குள் நுழையும்போது உச்சிப் பொழுது. வெயிலுக்கு நாய்கூட நிழலைச் சுருட்டிக் காலடியில் வைத்துப் படுத்திருந்தது. வீட்டு வாசலில் நின்று கனைத்தார். தம்பி மனைவி ஞானம்பாள் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் ‘வாங்க’ என்றும் சொல்லவில்லை, ‘போங்க’ என்றும் சொல்லவில்லை. கதவை ஒருக்களித்து விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பாபநாசம் அதிகாரிக்குக் காகிதம் காட்டப் போயிருந்தான். முன்வாசல் வழியாக நுழைய வாத்தியாருக்குத் துணிவு வரவில்லை. சந்து வழியாகச் சுற்றிப் போய்ப் புறவாசலில், கிணற்றடியில் நின்றார்.

அடுக்களையிலிருந்து வாசனை வந்தது. உளுந்தம்பருப்புச் சோறு. எள்ளுத் துவையல் அரைத்த அம்மியின் வாசனை. அதற்கும் மேலே, தேங்காய்ப்பாலில் இஞ்சி போட்டுக் கொதிக்கிற சொதி. கல்யாண வீட்டு மறுநாள் வைக்கிற அந்தக் குழம்பைச் சாதாரண நாளில் யாரும் வைக்க மாட்டார்கள். சின்ன வயசில் அவர் அந்தச் சொதிக்காகவே ஊரில் யாருக்காவது கல்யாணம் ஆகவேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொள்வார். அவர் வேண்டுதலில்தான் சேரன்மகாதேவியில் பாதிப் பெண்களுக்கு மாலை விழுந்தது என்று தெருவில் கேலி உண்டு.

ஆவுடைத்தாய் வெளியே வந்தாள்.

ஒன்பது வருஷத்தில் பாதியாகச் சுருங்கியிருந்தாள். தலை கொட்டைப் பஞ்சாக வெளுத்திருந்தது. கையில் தலைவாழை இலை. மகன் நின்ற பக்கம் அவள் கண் திரும்பவே இல்லை. துவைக்கிற கல்லில் தண்ணீர் தெளித்து இலையை விரித்தாள். உள்ளே போய்ச் சோறு கொண்டுவந்து வைத்தாள். மறுபடி போய் அவியல். மறுபடி போய்த் துவையல். அப்பளம். சோற்றில் குழி பறித்துச் சொதியை ஊற்றினாள். பக்கத்தில் ஒரு செம்பில் தண்ணீர் வைத்தாள். பிறகு தென்னமரத்து உச்சியைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

“தாணு… தாணு… வாய்யா. சாப்பிட வா.”

தென்னையில் ஒரு காக்கை கழுத்தைச் சாய்த்துக் கீழே பார்த்தது. அதற்குக் கீழே, பத்தடி தள்ளி, கோட்டும் தலைப்பாகையும் குடையுமாகத் தாணு நின்றுகொண்டிருந்தார்.

அம்மா வாயிலிருந்து தன் பெயர் வந்ததும் அவர் ஒரு அடி எடுத்து வைத்தார். இரண்டாவது அடி வைப்பதற்குள், பாழாய்ப்போன தேசியு ராயன் குறுக்கே வந்து நின்றான். இது செத்தவனுக்கு வைத்த படையல். தின்றால் செத்தவன் என்று ஒப்புக்கொண்டதாகும். படைத்ததைத் தின்றதாகவும் ஆகும். எத்தனை வருஷம், எத்தனை வகுப்பு, எத்தனை பையன்கள் பொரிகடலையைப் பார்த்து எச்சிலை விழுங்கிக்கொண்டு ‘மாட்டேன்’ என்று சொல்லிப் போயிருக்கிறார்கள்! அத்தனை பேரும் கிணற்றைச் சுற்றி வரிசையாக நின்று வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி இருந்தது. இதுதான் சோதனை, இதற்காகத்தான் இங்கே கொண்டுவந்து நிறுத்தப்பட்டோம் என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார். கைகளைக் கட்டிக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்தினார்.

“தாணு, வாய்யா. ஆறிப்போகுது.”

இந்தத் தடவை அவளுடைய குரல் மரத்து உச்சிக்குப் போகவில்லை. மரத்தின் பாதியிலேயே நின்றுவிட்டது.

“எம்மா, நான் உயிரோடதான் இருக்கேன்” என்றார் வாத்தியார். “காக்காய்க்கு வச்ச சோத்தை நான் எப்படித் திங்க? உள்ள கூப்பிடு, வந்து திங்கேன்.”

ஆவுடைத்தாய் திரும்பவில்லை. இலைக்கு முன்னால் அப்படியே நின்றாள். காக்கை இறங்கிவந்து கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தது. அவள் கையை வீசி விரட்டினாள். காக்கைக்கு வைத்த சோற்றிலிருந்து காக்கையை விரட்டுகிற அம்மாவை உலகத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வாத்தியார் பார்த்தார், பார்த்தும் அவருக்கு விளங்கவில்லை. அது எட்டிப் போய் மறுபடி வந்தது. மறுபடி விரட்டினாள். மூன்றாம் தடவை வந்தபோது கை எழும்பவில்லை. அது அப்பளத்தைக் கொத்திக்கொண்டு போய் மற்றதுகளுக்கும் சொல்ல, சேரன்மகாதேவிக் காக்கைகள் மட்டுமல்ல, பத்தமடை, வீரவநல்லூர்க் காக்கைகளும் சேர்ந்து வந்தது போல ஒரே கறுப்பாக இலை மறைந்துவிட்டது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். கதவுத் தாழ் விழுந்தது.

வாத்தியார் கிணற்றடியிலேயே மாலை வரைக்கும் உட்கார்ந்திருந்தார். வயிறு காந்தியது. இருந்தாலும் உள்ளே ஒரு மூலையில், சொல்ல வெட்கமான ஒரு நிறைவு இருந்தது. ரோமாபுரியில் சிங்கத்துக்கு முன்னால் நின்ற எந்த இரத்தசாட்சியும் இவரளவு நிமிர்ந்து நின்றிருக்க மாட்டான். விளக்கு வைக்கட்டும், சர்க்கார் காகிதம் வரட்டும், அம்மா சொல்லித்தானே ஆகவேண்டும் என்று காத்திருந்தார்.

விளக்கு வைத்தார்கள். பாபநாசம் காகிதக் கட்டும் சிவப்பு மையுமாகத் தெருவெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியாகச் சொந்த வீட்டுக்கு வந்தான். உள்ளே போனவன் கொஞ்ச நேரத்தில் புறவாசலுக்கு வந்தான். முகம் நன்றாக இல்லை.

“ஏண்ணே சாப்பிடல?”

“எனக்கு எங்கலே சோறு போட்டா? காக்காய்க்குல்லா வச்சா.”

பாபநாசம் துவைக்கிற கல்லைப் பார்த்தான். பிறகு அண்ணனைப் பார்த்தான். இத்தனை படித்தவருக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அவன் வாய் கோணியது.

“காக்காய்க்கு யாருண்ணே சொதி வைப்பா? காக்காய்க்கு எதுக்குச் செம்புல தண்ணி?”

வாத்தியார் எழுந்து நின்றார்.

“விடியமுன்ன எந்திரிச்சு அடுப்புல நிக்கா. நீங்க வாரியன்னு நான் சொன்ன நாள்லேருந்து அவ உறங்கல. தெருவே பாக்கத் தலைமுழுகினவ உங்களை எப்படி உள்ள கூப்பிடுவா? நாளைக்கு இவ கையில ஒருத்தன் பச்சத்தண்ணி குடிப்பானா? ஆனா செத்த மகனுக்குச் சோறு வச்சா எவன் கேக்க முடியும்? அந்த ஒரு சந்துதான் அவளுக்கு இருந்துது. அது வழியா வந்தா.” பாபநாசம் காகிதக் கட்டை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டான். “காலையில எங்கிட்ட என்ன கேட்டா தெரியுமா? உங்களையும் சேத்து நாலு பேர்னு எழுதினா சர்க்கார்ல தப்புச் சொல்லுவாகளான்னு கேட்டா. அவன் வந்து எங்கையால ஒரு வாய் தின்னுட்டாம்னா நாலுன்னு எழுதிப்போடு, தெரு என்ன வேணும்னாலும் பேசிட்டுப் போகட்டும்னா.”

ரோமாபுரி, அகுஸ்து, தேசியு, ரோடு, பட்டாளம், சித்தாந்தம் எல்லாம் வாத்தியாரை அந்தக் கிணற்றடியில் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டன. குடை கீழே விழுந்தது. அவர் போய் அடுக்களைக் கதவில் கை வைத்தார். ஐந்து வயசுப் பையன் விளையாடிவிட்டு வந்து கேட்கிற மாதிரி கேட்டார்.

“எம்மா, பசிக்கு. சோறு போடு.”

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு ஆவுடைத்தாயின் குரல், மருமகளைப் பார்த்துச் சொல்லுகிற குரல், வந்தது.

“சோத்துப் பானையைக் கழுவிக் கவுத்தியாச்சு. யாரோ வழிப்போக்கர் போலிருக்கு. ஆத்தங்கரையில சத்திரம் இருக்குன்னு சொல்லு, ஞானம்பா.”

பாபநாசம் காகிதத்தோடு உள்ளே ஓடினான். அவன் என்னவெல்லாமோ சொல்லிக் கெஞ்சுவது வெளியே கேட்டது. சர்க்கார் விதி என்றான், தண்டனை என்றான், அண்ணன் என்றான். கடைசியில் களைத்துப்போய், எழுதுகிறவன் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டான்.

“இந்த வீட்டுல எத்தனை பேரும்மா?”

“மூணு பேர்.”

அவன் கதவைத் திறந்து வெளியே பார்த்தான். சிவப்பு மை தொட்ட பேனாவைத் தூக்கிக் காட்டினான். அவள் சொல்லாவிட்டால் என்ன, நான் எழுதிக்கிடுதேன் என்று கண்ணாலேயே கேட்டான்.

“வேண்டாம்லே” என்றார் வாத்தியார். “அவ சொல்லாம எழுதாத.”

பாளையங்கோட்டையில் அந்த நேரத்துக்கு அவர் பெயரைச் சிவப்பு மையால் அடித்திருப்பார்கள். இமயமலையில் கண்மூடி உட்கார்ந்திருந்த சாமியாரையும், நடுக்கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்தவனையும், அன்று விளக்கு வைத்த பிறகு பிறந்து இன்னும் அழவே ஆரம்பிக்காத குழந்தையையும்கூட ஒன்று விடாமல் எழுதிக்கொண்ட ராஜாங்கம், இஸ்ரவேல் என்கிற தாணுமாலையனை எந்த ஊரிலும் எழுதவில்லை.

பாபநாசம் உள்ளே போனான். கதவு பைய மூடியது. வாத்தியார் குடையை எடுக்கக் குனிந்தவர், குனிந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் ஞானம்பாள் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது.

“அத்தை, நீங்க காலையிலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படாம இருக்கிய. பானையில சோறு அப்படியே இருக்கே. ஒரு வாய் சாப்பிடுங்க.”

“இருக்கட்டும்.”

பிறகு, மறுநாளைக்குப் பழையதாகட்டும் என்று சோற்றில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாக, பானை நிறைகிற வரைக்கும்.